ஆனைக் காவலுக்கு வைத்த கமராவும் நான் பார்க்காமல் வாங்கிய சிப்பும்

விடிய ஐந்து மணிக்குப் பெரியப்பா போன் எடுத்தார். "தம்பி, ஆனை வந்து போனது எனக்குத் தெரியும், வயலுக்கும் தெரியும். உன்ர பெட்டிக்கு மட்டும் தெரியேல்லையோ?"

அது 2023 மார்கழி. முல்லைத்தீவில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே எங்களுக்கும் பக்கத்து வயல்காரர் மூன்று பேருக்குமாகச் சேர்த்துக் காலபோக நெல்லு விதைத்திருந்தோம். பயிர் குடலைப் பருவம். காட்டுக்கரைப் பாலை மரத்தில் பரண் கட்டி முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள். நித்திரை முழித்து முழித்து ஆட்கள் களைத்துவிட்டார்கள். மாங்குளத்தில் போனும் கொம்பியூட்டரும் திருத்துகிற கடை வைத்திருக்கிறேன் என்பதால், "நீ ஒரு கமரா பூட்டித் தா, கொஞ்ச நேரமாவது படுப்போம்" என்று பொறுப்பு என் தலையில் வந்தது. கடையில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 4 என்கிற சின்னக் கொம்பியூட்டர் போர்டு, இரவிலும் பார்க்கிற யுஎஸ்பி கமரா ஒன்று, சிம் போடுகிற றவுட்டர், 100 வாட் சோலர் பலகை, 12 வோல்ட் 40 ஆம்பியர்-மணி பற்றரி. எல்லாவற்றையும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மரத்தில் கட்டினேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

அன்றிரவு பற்றரி இரண்டு மணிக்கே செத்துவிட்டது. ஆனை வந்தது அதற்கு முன்னமா பின்னமா என்று பார்க்கலாம் என்று மெமரி காட்டைக் கழற்றிக் கொண்டுவந்தால், பதிவுக் கோப்பு திறக்கவே மாட்டேன் என்றது. கோப்பு இருக்கிறது, அளவும் பெரிதாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தப் பிளேயரிலும் ஓடவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் அடிபடாத ஆள் இல்லை: சாதாரண எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். எந்தப் படம் எந்த இடத்தில் கிடக்கிறது என்ற கணக்கு முழுக்க அந்த அட்டவணையில். நடுவில் கரண்ட் போனால் அட்டவணை எழுதப்படாது, உள்ளே எட்டு மணித்தியால வீடியோ இருந்தாலும் பிரயோசனமில்லை. எம்கேவி அல்லது டிஎஸ் வடிவத்தில், ஐந்து ஐந்து நிமிடத் துண்டாகப் பதியுங்கள். கரண்ட் போனால் கடைசித் துண்டின் வாலை மட்டும்தான் இழப்பீர்கள்.

சரி, பற்றரி ஏன் செத்தது? ஈய-அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்று வைத்துக்கொண்டால் கையில் இருப்பது 240 வாட்-மணி. பை 4 முழு மூச்சில் ஓடும்போது 7 வாட் அளவில் இழுத்தது, கமராவும் அதன் இரவு லைட்டும் 3, றவுட்டர் 4. மொத்தம் 14 வாட். பொழுதுபட்டு விடியும்வரை 13 மணித்தியாலம், ஆக 182. பற்றரி நிறைந்திருந்தால் தாராளமாகப் போதும். ஆனால் காலபோகம் என்றாலே மாரிதானே. மூன்று நாள் மப்பு வந்தால் பலகை என்னத்தைக் கொடுக்கும்? ஆனை வருகிற காலமும் வெயில் இல்லாத காலமும் ஒன்றாகவே வருகிறது.

அப்போதுதான், பை 4 ஏன் முழு மூச்சில் ஓடுகிறது என்று யோசித்தேன். 1080 அளவில் ஒரு படத்தைச் சுருக்காமல் வைத்தால் ஏறத்தாழ 3.1 மெகாபைட். விநாடிக்கு 25 படம் என்றால் 78 மெகாபைட். அதை எச்.264 என்ற வீடியோ வடிவமாகச் சுருக்கினால் விநாடிக்கு கால் மெகாபைட்டுக்குள் அடக்கலாம், முந்நூறில் ஒரு பங்கு. இவ்வளவு சுருக்குகிற வேலையை நான் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மென்பொருளுக்குள் இருக்கிற எக்ஸ்264 என்கிற சுருக்கியிடம் கொடுத்திருந்தேன். நாலு கோரும் நிறைய வேலை, பெட்டிக்குள் சூடு 80 பாகையைத் தொட, சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். குறைந்தவுடன் படம் விக்கும்.

உரலில் போட்டு உலக்கையால் இடித்தாலும் நெல்லு அரிசியாகும். மில்லில் கொடுத்தாலும் அரிசியாகும். பொதுவான சிபியூவில் சுருக்குவது உலக்கை வேலை. பை 4 க்குள்ளேயே ஒரு மில் இருந்தது, எச்.264 சுருக்குவதற்கென்றே சிலிக்கனில் செய்து வைத்த பகுதி, 1080 அளவில் விநாடிக்கு 30 படம் வரை சுருக்கும். 2012 இல் வந்த முதல் ராஸ்பெரி பையிலேயே அது இருந்தது. நான் அதைக் கேட்காமலே உலக்கையைப் பிடித்திருந்தேன். மில்லுக்கு இன்னொரு குணமும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்: நெல்லுக்கு வைத்த மில்லில் குரக்கன் அரைபடாது.

எஃப்எஃப்எம்பெக்கில் என்கோடர் (சுருக்குகிற பகுதி) பெயரை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். லினக்ஸில் வீ4எல்2 எம்2எம் என்ற பாதை வழியாக அந்த ஹார்ட்வேரைக் கூப்பிடலாம். கூப்பிட்டேன், வரவில்லை. அரை நாள் தலையைச் சொறிந்த பிறகு தெரிந்தது, திரை பூட்டாத போர்டுக்கு மெமரி மிச்சம் பிடிக்கலாம் என்று எங்கேயோ வாசித்துவிட்டு படவேலை பார்க்கிற ஜிபியூவுக்கு ஒதுக்குகிற மெமரியை 16 மெகாபைட்டாக நானே குறைத்து வைத்திருக்கிறேன். 16 என்று போட்டால் அந்தச் சிப் வீடியோ வேலை எதுவும் தெரியாத வெட்டிக் குறைத்த ஃபர்ம்வேரை, அதாவது சிப்புக்குள் ஓடுகிற மென்பொருளை, ஏற்றிக்கொள்ளும். 128 ஆக்கினேன், வேலை செய்தது. ஒரு வரி அமைப்பு, அரை நாள் போச்சு.

படம் வந்தது, ஆனால் என்ன படம்! வரம்பும் பயிரும் எல்லாம் சதுரம் சதுரமாக, செங்கல் அடுக்கின மாதிரி. காரணம், பிட்ரேட் சொல்லாவிட்டால் எஃப்எஃப்எம்பெக் விநாடிக்கு 200 கிலோபிட் என்று தானாக எடுத்துக்கொள்ளும். எக்ஸ்264 இல் தரத்தை அதுவே பார்த்துக்கொள்வதால் எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. 2 மெகாபிட் என்று எழுதிக் கொடுத்ததும் ஆனைக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஒரே பிட்ரேட்டில் எக்ஸ்264 நிதானமாகச் சுருக்கினால் கிடைக்கிற தெளிவு இந்த ஹார்ட்வேரில் கிடைக்காது, அது உண்மை. பி-ஃபிரேம் போன்ற, கூடுதலாகச் சுருக்க உதவுகிற நுட்பங்கள் இதில் இல்லை. காவலுக்கு அது ஒரு குறையே இல்லை.

அப்புறம் பச்சைக் கோடு. வீட்டில் இருந்த பழைய ஆண்ட்ராய்ட் டிவி பெட்டியில் போட்டுப் பார்த்தால் படத்தின் அடியில் மெல்லிய பச்சைப் பட்டி. கமரா பழுது என்று பெரியப்பா முடிவே செய்துவிட்டார். விஷயம் வேறு. எச்.264 படத்தை 16க்கு 16 கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்யும். 1080 ஐ 16 ஆல் பிரித்தால் 67 அரை வரும், அரைக் கட்டம் கிடையாது, ஆகவே 1088 ஆக நீட்டி, "கடைசி 8 வரியை வெட்டிவிட்டுக் காட்டு" என்று வீடியோவின் தலைப்பகுதியில் குறிப்பு எழுதி அனுப்பும். அந்தக் குறிப்பை மதிக்காத பெட்டியில் அந்த 8 வரியும் பச்சையாகத் தெரியும். நான் 720 க்கு இறங்கினேன். 720 ஐ 16 ஆல் பிரித்தால் சரியாக 45. பட்டியும் போனது, பிட்டும் மிச்சம்.

இதற்குள் இன்னொரு திருடன் ஒளிந்திருந்தான். சுருக்குகிற வேலையை ஹார்ட்வேருக்குக் கொடுத்த பிறகும் சிபியூ முழுதாக ஓயவில்லை. யுஎஸ்பி 2 வயரில் விநாடிக்கு 60 மெகாபைட்டுக்கு மேல் போகாது, காகிதத்தில்கூட. சுருக்காத 1080 படம் 30 அதற்குள் அடங்காது. ஆகவே கமரா ஒவ்வொரு படத்தையும் ஜேபெக் ஆக்கித்தான் அனுப்புகிறது. அதை விரித்து, நிற அமைப்பை மாற்றி, பிறகு என்கோடருக்குக் கொடுக்க வேண்டும். இந்த விரிக்கிற வேலை இன்னமும் சிபியூவில்தான் நடந்துகொண்டிருந்தது. என்கோடரை மட்டும் பார்த்துவிட்டு "ஹார்ட்வேரில் ஓடுகிறது" என்று சொல்லக்கூடாது. கமராவில் இருந்து கோப்பு வரைக்கும் படம் போகிற பாதை முழுவதையும் பார்க்க வேண்டும். எங்கே விரிகிறது, எங்கே மெமரியில் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குக் கொப்பி ஆகிறது, எங்கே மறுபடி சுருங்குகிறது என்று. 720 ஆக்கியதில் இதுவும் பாதியாகக் குறைந்தது.

மீற்றரில் பார்த்தால் பை 4 இப்போது 4 வாட் அளவில். மூன்று வாட் மிச்சம் என்று கடையில் சொன்னால் சிரிப்பார்கள். 13 மணித்தியாலத்துக்கு 39 வாட்-மணி. இரண்டு மணிக்குச் சாகிற பற்றரி நாலு மணி வரை நிற்கும். சண்டைக் காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட சனத்துக்கு மூன்று வாட்டின் அருமையை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெரியப்பாவுக்கு ஒரே சொல்லில் விளங்கிவிட்டது.

அந்தப் போகம் அப்படியே ஓடியது. அடுத்த போகத்துக்கு, 2024 இல், நான் கெட்டித்தனமாக ஒரு வேலை செய்தேன். ராஸ்பெரி பை 5 வாங்கினேன். பை 4 ஐ விட இரண்டு மூன்று மடங்கு வேகம் என்கிறார்கள், ஆகவே அதில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கும், கூடவே இன்னும் இருக்கும் என்று மனதுக்குள் ஒரு கணக்கு. கொழும்பில் இருந்து பஸ்ஸில் வந்தது. பழைய மெமரி காட்டைப் போட்டு, புதிய இயங்குதளம் ஏற்றி, அதே கட்டளையைக் கொடுத்தேன். என்கோடர் இல்லை என்றது.

இந்தமுறை நான் அமைப்பைப் பிழையாகப் போட்டதால் அல்ல. உண்மையிலேயே இல்லை. பை 5 இன் சிப்பில் எச்.264 சுருக்குகிற ஹார்ட்வேரும் இல்லை, விரிக்கிற ஹார்ட்வேரும் இல்லை. எச்.264 க்கு அடுத்து வந்த எச்.265 என்ற வடிவத்தை விரிக்கிற பகுதி மட்டும் இருக்கிறது, 4கே அளவில் விநாடிக்கு 60 படம் வரை. மற்றதையெல்லாம் சிபியூவே பார்த்துக்கொள்ளும், அதற்குத்தான் இவ்வளவு வேகம் இருக்கிறதே என்பது செய்தவர்களின் எண்ணம். மேசையில் வைத்துச் சுவர்க் கரண்டில் ஓட்டுகிறவருக்கு அது சரிதான், 1080 படத்தை எக்ஸ்264 இல் வேகமான அமைப்பில் போட்டால் மூச்சே வாங்காமல் சுருக்குகிறது. மரத்தில் பற்றரியோடு தொங்குகிற பெட்டிக்கு அது திரும்பவும் உலக்கைதான். உலக்கை பெரிது, கையும் பலமானது, ஆனால் சாப்பாடும் கூடக் கேட்கும்.

சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது, பை 5 க்கு 5 வோல்ட் 5 ஆம்பியர் கொடுக்கச் சொல்கிறார்கள். என்னுடைய 12 இல் இருந்து 5 ஆக்குகிற கொன்வேட்டர் 3 ஆம்பியர்தான் தரும். போர்டு எழும்பும், ஓடும், ஆனால் 5 ஆம்பியர் இல்லை என்று கண்டால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியருக்கு மேல் விடாது. பகலில் சோதித்தபோது ஒரு பிழையும் இல்லை. இருட்டினதும் கமராவின் இரவு லைட் எரியும், அந்தக் கணமே கமரா கழன்றுவிடும். திரும்பத் தொடுக்கும், லைட் எரியும், கழரும். இரண்டு இரவு பரணில் இருந்து இதைப் பார்த்தேன். சோதனையை இரவிலும் செய்யுங்கள்.

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "விடு மச்சான், நான் ஜெட்சன் ஓரின் நானோ ஒன்று அனுப்பிறன், அது பெரிய சாமான்" என்றான். பெரிய சாமான்தான், என்விடியா கொம்பனியின் போர்டு. நல்லவேளை, இந்தமுறை வாங்க முன் வாசித்தேன். 2019 இல் வந்த பழைய ஜெட்சன் நானோவில் வீடியோ சுருக்குகிற ஹார்ட்வேர் உண்டு, 4கே வரை. அதற்குப் பிறகு வந்த, பல மடங்கு பலமான ஓரின் நானோவில் அது இல்லை, விரிக்க மட்டும்தான் முடியும். பிறகு தேடத் தேட இது ஒரு வழமை போலத் தெரிந்தது. என்எக்ஸ்பி கொம்பனியின் ஐ.எம்எக்ஸ்8எம் என்ற ஒரே சிப் குடும்பத்தை எடுங்கள்: குவாட் விரிக்கும், சுருக்காது, மினி இரண்டும் செய்யும், நானோவில் வீடியோப் பகுதியே கிடையாது. பெயரைப் பார்த்தால் மினியை விடக் குவாட் பெரியது என்றுதானே நினைப்போம்? ராக்சிப் ஆர்கே3588 போன்றவை இரண்டையும் 8கே வரை செய்கின்றன, ஆனால் அங்கே வேறு தலையிடி, அதற்குக் கீழே வருகிறேன். ஆக, "இந்தச் சிப்பில் ஹார்ட்வேர் வீடியோ இருக்கா" என்று கேட்பது அரைக் கேள்வி. சுருக்குமா, விரிக்குமா, எந்த வடிவத்தை, எந்த அளவுக்கு, எத்தனை பிட் நிறத்தில் என்று ஐந்தாக உடைத்துக் கேட்க வேண்டும். விற்கிறவர் "4கே சப்போட்" என்று சொன்னால், எச்.265 விரிக்கிறதை மட்டும் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்வேன்.

பை 5 ஐ அலுமாரிக்குள் வைத்துவிட்டு யோசித்தபோதுதான் ஒரு மடைத்தனம் பிடிபட்டது. கடைகளுக்கும் வீடுகளுக்கும் நெற்வேர்க்கில் தொடுக்கிற ஐபி கமரா நானே எத்தனை பூட்டிக் கொடுத்திருக்கிறேன்! அந்த உள்ளங்கைக் கமராவுக்குள் ஒரு சிப் இருக்கிறது, படம் பிடிக்கிற சென்சரில் இருந்து நேரே எடுத்து, அங்கேயே எச்.264 ஆகவோ எச்.265 ஆகவோ சுருக்கித்தான் வெளியே விடுகிறது. அந்த வேலைக்கென்றே பிறந்த சிப். ஏற்கெனவே சுருக்கி வருகிறதை நான் ஏன் விரித்துத் திரும்பச் சுருக்க வேண்டும்?

நாலு ஐபி கமரா, 12 வோல்ட்டிலேயே ஓடுகிறவை, கொன்வேட்டரும் தேவையில்லை. பை 4 இல் எஃப்எஃப்எம்பெக்குக்கு "கொப்பி" என்று மட்டும் சொன்னேன், வருகிற பிட்டைத் தொடாமல் அப்படியே துண்டு துண்டாகக் கோப்பில் போடும். சிபியூ நூற்றுக்கு நாலு ஐந்துக்கு மேல் ஏறவில்லை, நாலு கமராவுக்கும் சேர்த்து. ஒரு வருடம் என்கோடரோடு மல்லுக்கட்டிய பிறகு கிடைத்த விடை, என்கோட் பண்ணவே வேண்டாம் என்பது. பற்றரியை மட்டும் 100 ஆம்பியர்-மணியாக மாற்றி, பலகையும் இன்னொன்று சேர்க்க வேண்டி வந்தது, நாலு கமராவின் இரவு லைட்டும் சும்மா எரியாதே.

கமராவின் அமைப்பில் இரண்டு இடம் கவனியுங்கள். ஸ்மார்ட் கோடெக் என்றோ, எச்.264 க்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி போட்டோ ஒரு வசதி இருக்கும், இடம் மிச்சம் பிடிக்கும் என்பார்கள். அது முழுப் படங்களுக்கு இடையிலான இடைவெளியை நீட்டி நீட்டி விடும். மற்றப் படங்கள் எல்லாம் முன்னதில் இருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள்தான், முழுப் படம் வரும்வரை பிளேயர் கறுப்பாக நிற்கும், கோப்பையும் அந்த இடத்தில்தான் வெட்டலாம். நான் அதை நிறுத்திவிட்டு இரண்டு விநாடிக்கு ஒரு முழுப் படம் என்று வைத்தேன். மற்றது, சிறிய வீடியோ ஓடை (சப் ஸ்ட்ரீம்). ஒரே கமரா பெரிய படத்தை எச்.265 இலும், 640க்கு 360 இல் சின்னப் படத்தை எச்.264 இலும் ஒரே நேரத்தில் தரும். போனில் பார்ப்பதற்குச் சின்னதுதான். 2 மெகாபிட்டை ஒரு இரவு 12 மணித்தியாலம் அனுப்பினால் 10.8 ஜிபி, எந்தப் பக்கேஜ் தாங்கும்? 300 கிலோபிட் என்றால் 1.6 ஜிபி. அசைவு கண்டுபிடிக்கிற மென்பொருளுக்கும் அந்தச் சின்னப் படமே போதும், அதை விரிக்க ஹார்ட்வேரைத் தேடி அலையத் தேவையில்லை.

பெரிய படத்தை எங்கே பார்ப்பது? வயலில் இருந்து பெரியப்பா வீடு எண்ணூறு மீற்றர், இடையில் மறைப்பில்லை, ஒரு சோடி வைஃபை பாலம் போட்டாயிற்று. வீட்டில் டிவி இருக்கிறது. நாலு கமரா, 1080, எச்.265. இங்கேதான் அலுமாரிக்குள் கிடந்த பை 5 வெளியே வந்தது. அதன் மில்லில் அரைபடுகிற ஒரே தானியம் எச்.265 விரிப்பது, இங்கே தேவையும் அதுதான். 4கே 60 படத்தைக் கணக்குப் பார்த்தால் 1080 இல் 25 படம் தருகிற கமரா ஒன்பது அடங்கும், காகிதத்தில். நாலு தாராளம். வீட்டில் சுவர்க் கரண்ட் இருப்பதால் 5 ஆம்பியரும் கொடுத்தேன்.

முதல் நாள் படம் விக்கியது. சிபியூவைப் பார்த்தால் நாலு கோரும் எரிகிறது. ஹார்ட்வேர் இருந்தும் பிளேயர் அதைக் கூப்பிடவில்லை. இதுதான் மேலே சொன்ன தலையிடி. சில சிப்புகளில், பை 4 இன் எச்.264 பகுதி போல, உள்ளே ஒரு ஃபர்ம்வேர் இருந்து ஓடையை வாங்கித் தலைப்பகுதியை வாசித்து எல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். வேறு சிலவற்றில், பை 5 இன் எச்.265 உம் ராக்சிப்பில் பலதும் இந்த வகை, ஹார்ட்வேருக்கு ஞாபகமே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் எந்தப் பழைய படத்தைப் பார், எந்த அளவுகோலைப் பாவி என்று மென்பொருள் பிரித்து ஊட்ட வேண்டும். அப்படி ஊட்டத் தெரிந்த எஃப்எஃப்எம்பெக் வேண்டும். ராஸ்பெரி பை தன் இயங்குதளத்தோடு தருகிற எஃப்எஃப்எம்பெக்கில் அந்தத் திருத்தம் இருக்கிறது. நான் புதியது நல்லது என்று மூலக் குறியீட்டை இறக்கி நானே கட்டியதில் இல்லை. ஆளுக்கு ஆள் தனிக் கட்டமைப்பு, தனி நூலகம். போர்டு வாங்க முன் சிப்பின் தாளை மட்டும் வாசித்தால் காணாது, உங்கள் பிளேயர் அந்தப் பகுதியைக் கூப்பிடத் தெரிந்ததா என்றும் பார்க்க வேண்டும். ஓட்டிவிட்டுச் சிபியூவைப் பாருங்கள், அது பொய் சொல்லாது. இயங்குதளத்தோடு வந்ததையே போட்டேன், நாலு கட்டமும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த பெருமழையில் வயல் குளமாகி, வெயில் முகத்தையே காணாமல் இருந்தோம். மூன்றாம் நாள் இரவு இரண்டு கமராவைக் கையால் நிறுத்தி, காட்டுக்கரைப் பக்கத்து இரண்டை மட்டும் விட்டேன். விடியும்வரை நின்றது.

இப்போது பெரியப்பா சாய்மனைக் கதிரையை டிவிக்கு முன்னால் போட்டுவிட்டார். ஆனை வந்தால் பரணில் இருக்கிற பெடியளுக்குப் போன் போகும், ஆனை வெடியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு வருகிற அழைப்பெல்லாம் வேறு. "தம்பி, மூன்றாம் நம்பரில ஒரே வெள்ளையாக் கிடக்கு, சிப் போச்சுதோ?" போனேன். சிலந்தி. இரவு லைட்டின் சூட்டுக்கும் அதைத் தேடி வருகிற பூச்சிக்கும் ஆசைப்பட்டுக் கண்ணாடிக்குக் குறுக்கே வலை கட்டியிருக்கிறது. அந்த லைட்டில் ஒரு நூல் கமராவுக்குக் கயிறு மாதிரித் தெரியும், காற்றில் ஆட அசைவு மணியும் அடிக்கும். கமராக் கம்பத்தில் ஒரு பிடி ஈர்க்கு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன், இரண்டு நாளைக்கு ஒருக்கால் யாராவது தட்டிவிட வேண்டும்.